‘இங்கே தேடாதே’ என்று நான் எழுதிய வரி

எண்பத்தேழாம் நம்பர் அம்மாவிடம், “நீங்க இந்த எஸ்டேட்டுல நாலு வருசந்தாம்மா வேலை செஞ்சிருக்கீங்க” என்று சொன்னவன் நான். பதினான்கு வருஷம் தினமும் காலையில் அந்த நம்பரைக் கூப்பிட்டு, அவர் “இருக்கறேனுங்க” என்று குரல் கொடுக்க, நோட்டில் கோடு போட்டவனும் நான்தான். இரண்டு பேரும் ஒரே ஆள். நடுவில் ஒரு கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கண்ணுகளா, “உங்கப்பா அந்தக் காலத்துலயே கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளு” என்று உங்கள் அம்மா சொல்லிவிட்டு ஒரு சிரிப்புச் சிரிப்பாள். நான் உடனே மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன். ஏன் என்று நீங்கள் பல தடவை கேட்டுவிட்டீர்கள். எழுதிவிடுகிறேன். எழுதுவது எனக்குச் சுலபம், சொல்லும்போதுதான் முகம் சிவந்துபோகிறது.

நான் பத்தாவது. அதுவும் இரண்டாவது தடவையில். அதற்குமேல் டைப்ரைட்டிங் லோயர். இந்தப் படிப்புக்கு மலைமேல் வெள்ளக்கடை என்ற ஊருக்கு அந்தப் பக்கம் இருந்த காபி எஸ்டேட்டில் ரைட்டர் வேலை கிடைத்தது. ரைட்டர் என்றால் காலையில் ஆட்களை நம்பர் சொல்லிக் கூப்பிட்டு வருகை பதிகிறவன். யார் எந்தக் காட்டில் பழம் எடுத்தார்கள், யாருக்கு உடம்பு சரியில்லை, யார் ஓய்வு பெற்றார்கள், எல்லாம் அவன் நோட்டில்தான் இருக்கும். ஒரு ஆள் இத்தனை வருஷம் இங்கே வேலை செய்தார் என்பதற்கு அந்த நோட்டைத் தவிர வேறு சாட்சி கிடையாது. இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் நான் அதை மறந்துபோனேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் மேனேஜர் சேலத்திலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார். வந்த மூன்றாம் மாதமே அதற்கு வைரஸ் பிடித்துவிட்டது. அப்போது என் கொழுந்தியா, அதாவது உங்கள் சித்தி, சேலத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஏதோ பத்திரிகையோடு கொடுத்த ஒரு சி.டி.யை எடுத்துக்கொண்டு மலை ஏறி வந்தாள்.

“இது லினக்ஸுங்க மாமா. காசு கெடையாது, வைரஸும் கெடையாது.”

“அப்ப அதுல என்னதான் இருக்குது?”

“நீங்க கத்துக்க வேண்டியது நெறய இருக்குது.”

நான் கற்றுக்கொண்டேனோ இல்லையோ, தட்டினேன். பழைய நோட்டுகள் எல்லாம் எங்கள் ஊர் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் பூஞ்சை வாசம் வீசிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு நோட்டாகப் பிரித்து, ஒரு நம்பருக்கு ஒரு ஃபைல் என்று இரண்டு விரலால் உள்ளே ஏற்றினேன். ஃபைலுக்குப் பேர் வெறும் நம்பர்தான். வேலையில் இருப்பவர்கள் ஒரு ஃபோல்டரில். ஓய்வு பெற்றவர்கள், போய்ச் சேர்ந்தவர்கள் எல்லோரும் ‘பழசு’ என்று இன்னொரு ஃபோல்டரில். ஆபீஸ் பீரோவிலும் அப்படித்தான் வைத்திருந்தோம். மேல் தட்டு முழுக்கப் பழசு, யாரும் எட்டமாட்டார்கள்.

எல்லாம் ஏற்றி முடித்ததும் மேனேஜரிடம் போய், “சார், எல்லாம் உள்ள போயிருச்சுங்க. இனி இந்த நோட்டெல்லாம் எடத்த அடைக்குது” என்றேன். அவர் தலையாட்டினார். நோட்டுகளை மூட்டை கட்டி ஒண்டிக்கடை முக்கில் இருக்கும் ஒரு டீக்கடைக்கு எடைக்குப் போட்டேன். அடுத்த வாரம் அதே கடையில் எனக்கு வாழைக்காய் பஜ்ஜியை என் கையெழுத்து உள்ள தாளிலேயே வைத்துக் கொடுத்தார்கள். ஐப்பசி மாத வருகை. எண்ணெய் ஊறி எழுத்து இன்னும் பளிச்சென்று தெரிந்தது. எனக்கு வருத்தமே இல்லை. பக்கத்திலிருந்தவரிடம், “இதெல்லாம் இப்ப கம்ப்யூட்டர்ல இருக்குதுங்க” என்று சொல்லி அதிலேயே கையைத் துடைத்தேன்.

இப்போது தேடுகிற கதைக்கு வருகிறேன்.

ஃபைல் அதிகமானதும் எது எங்கே என்று தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து உங்கள் சித்தி வந்திருந்தாள். ஆபீசை ஒட்டித்தான் நம் ஊடு. அவளைக் கூட்டிக்கொண்டு போய் முறையிட்டேன். உங்கள் அம்மாவும் வேடிக்கை பார்க்க வந்தாள்.

“தேடறதுக்கு மூணு இருக்குதுங்க மாமா. ஃபைண்டுன்னு ஒண்ணு. ஒவ்வொரு ஃபோல்டரா ஏறி எறங்கிப் பாத்துட்டு வரும். நேரமாகும், ஆனா ஒண்ணையும் உடாது. லொகேட்டுன்னு ஒண்ணு. அது எங்கயும் போவாது. முன்னாடியே எழுதி வெச்ச பட்டியலப் பாத்து உக்காந்த எடத்துலயே சொல்லிரும். அப்புறம் கிரெப்பு. அது உள்ள என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சுப் பாக்கும்.”

“எது வேகம்?”

“லொகேட்டுதான். ஆனா...”

“அப்ப அதே போதும்.”

“முழுசாக் கேளுங்க மாமா.”

“கேட்டாச்சு. உக்காந்த எடத்துல சொல்லுதில்ல?”

உங்கள் அம்மா குறுக்கே வந்தாள். “உக்காந்த எடத்துலயே எல்லாம் வரோணும். உன்ற மாமனுக்கு அதுதான் பொருத்தம், அதையே போட்டுக் குடு.”

நான் தேர்ந்தெடுத்ததில் ஒரு நியாயம் இருந்ததாக அன்றைக்கு நினைத்தேன். ஃபைண்ட் என்பது செடி செடியாக விலக்கிப் பார்த்துக்கொண்டு காடு முழுக்க நடக்கிற மேஸ்திரி மாதிரி. லொகேட் என்பது ஆபீசில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்துச் சொல்கிற ரைட்டர் மாதிரி. நான் யாரை நம்புவேன்? என்னை மாதிரி ஆளைத்தான்.

முதல் இரண்டு நாள் பெருமையாக இருந்தது. நம்பரைத் தட்டிவிட்டு விரலை எடுப்பதற்குள் பதில் வந்து நின்றது. மூன்றாம் நாள், முந்தின நாள் தட்டிய ஒரு கடிதத்தைக் கேட்டால் அப்படி ஒன்றும் இல்லை என்றது. மறுபடி தட்டினேன். அடுத்த நாள் அதுவும் இல்லை என்றது. ஒரே கடிதத்தை மூன்று தடவை தட்டிய பிறகுதான், டெலிபோன் பூத்துக்குப் போய்ச் சித்தியைக் கூப்பிட்டேன்.

“இந்த மிசினு பொய் சொல்லுது.”

“அந்தப் பட்டியல அது தெனமும் ஒருக்கா புதுசா எழுதோணும் மாமா. வெடியால நாலு மணி ரெண்டு நிமிசத்துக்கு எழுதும்.”

“அதென்ன ரெண்டு நிமிசம்?”

“அப்படித்தான் வெச்சிருக்காங்க. அந்நேரத்துக்கு மிசினு ஓடிட்டு இருக்குமுங்களா?”

எங்கே ஓடும்? எங்கள் மலையில் சித்திரை, வைகாசியில் இடி இறங்கினால் டெலிபோன் கருகிப்போகும். அதனால் சாயங்காலம் ஐந்து மணி ஆனால் பிளக்கையெல்லாம் பிடுங்கிவிட்டு, கம்ப்யூட்டருக்குக் கம்பளி போர்த்திவிட்டுப் போவேன். ஊட்டில் நல்ல கம்பளி காணவில்லை என்று உங்கள் அம்மா தேடிய கம்பளி அதுதான். ஆக, பட்டியல் எழுதுகிற நேரத்தில் அது ஒரு நாளும் விழித்திருக்கவில்லை. சித்தி வந்துபோன நாளுக்குப் பிறகு நடந்த எதுவும் லொகேட்டுக்குத் தெரியாது.

நேரத்தை மாற்றுவது எப்படி என்று அவள் சொல்லச் சொல்ல உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். வந்து உட்கார்ந்து மாற்றியும்விட்டேன். ஆனால் மாற்றிய இடத்திலிருந்து வெளியே வரும் வழி, கை வியர்வையில் அழிந்துபோயிருந்தது. எந்தக் கட்டையைத் தட்டினாலும் ஓர் எழுத்து கூடுதலாக விழுந்தது. அரைமணி நேரம் போராடிவிட்டுப் பிளக்கைப் பிடுங்கினேன். மறுநாள் காலையில் அது தன் உடம்பைத் தானே சோதித்துக்கொண்டு வெள்ளை வெள்ளையாக என்னென்னவோ சொல்லிற்று. நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிற மாதிரி கைகட்டி நின்றேன். பிழைத்துக்கொண்டது. கடைசியில், மத்தியானம் ஒன்றரை மணிக்கு, நான் சாப்பிடப் போகும் நேரத்தில் பட்டியல் எழுதும்படி வைத்தாயிற்று. அதுவும் சாப்பிடட்டும், நானும் சாப்பிடுகிறேன்.

அடுத்த தொல்லை, பட்டியல் நீளமாகிவிட்டது. எண்பத்தேழு என்று கேட்டால், லினக்ஸின் வயிற்றுக்குள் எங்கெங்கெல்லாம் எண்பத்தேழு என்ற எண் இருக்கிறதோ அத்தனையும் வரிசையாக ஓடின. எனக்கு வேண்டியது ஒரு ஃபைல். வந்ததோ இரண்டு பக்கம். அதற்கும் சித்தி வழி சொன்னாள். பட்டியல் எழுதுகிற புரோகிராமுக்கென்று ஒரு சின்ன ஃபைல் இருக்கிறது. அதில் ஒரு வரி. இன்னின்ன இடத்துக்குள் போகாதே, தேடாதே என்று அந்த வரியில் எழுதிவைத்தால் அது அங்கே எட்டியே பார்க்காது.

கண்ணுகளா, சின்ன உத்தியோகத்தில் இருப்பவன் கையில், மற்றவரை உள்ளே விடாதே என்று சொல்கிற அதிகாரம் கிடைத்தால் என்ன ஆகும் தெரியுமா? நான் ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தேன். லினக்ஸுக்குச் சொந்தமான இடங்களையெல்லாம் எழுதினேன். சரிதான். அதோடு நிற்கவில்லை. எந்த நம்பரைக் கேட்டாலும், அதே நம்பரில் முன்பு இருந்து ஓய்வு பெற்றவரும் கூடவே வந்து நின்றார். வேலை விட்டுப் போனவர்களை எதற்கு இன்னும் கூப்பிட வேண்டும்? ‘பழசு’ ஃபோல்டரையும் அந்த வரியில் சேர்த்தேன். அன்றைக்கு எண்பத்தேழு கேட்டால் ஒரே ஒரு வரி வந்தது. எவ்வளவு சுத்தம்! ஊட்டுக்கு வந்து பீற்றிக்கொண்டேன்.

உங்கள் அம்மா சொன்னாள்: “ஊட்டுல சோப்பு டப்பா எங்கிருக்குதுன்னு தெரியாது. அங்க போயி எங்க தேடோணும், எங்க தேடக்கூடாதுன்னு சட்டம் போடறீங்களாக்கும்.”

அந்த வருஷம் பழம் எடுத்து முடிந்த சமயத்தில் எஸ்டேட்டின் மேல் பாதி விலைக்குப் போயிற்று. வாங்குகிறவர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். பத்து வருஷத்துக்குமேல் வேலை செய்தவர்கள் அவரவர் லைன் ஊட்டிலேயே இருக்கலாம். மற்றவர்கள் மாசக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். லைன் ஊடு என்றால், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஆட்களுக்குக் கட்டிக்கொடுத்த அறைகள். பட்டியல் தயாரிப்பது என் வேலை. வெள்ளிக்கிழமை லேபர் ஆபீசர் வந்து சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

செவ்வாய்க்கிழமை எண்பத்தேழாம் நம்பர் அம்மா ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார். மேல் லைனில் மூன்றாம் ஊடு. சவுக்கு மரத்தில் படர்ந்த மிளகைப் பறிக்க ஏறிய புருஷன் விழுந்து இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பெண் பிள்ளைகள், டவுனில் கோயில் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். தாத்தா காலத்தில் கீழ்நாட்டிலிருந்து மலையேறி வந்த குடும்பம். மலையை விட்டு இறங்கினால் போய் நிற்க ஒரு வாசல் கிடையாது.

“ஏனுங் ரைட்டரே, லிஸ்ட்டுல என்ற பேரு வந்துருச்சுங்களா?”

“ஒரு நிமிசம்மா” என்று தட்டினேன். ஒரு வரி வந்தது. திறந்தேன். வேலையில் சேர்ந்தது நாலு வருஷத்துக்கு முன்னால் என்று இருந்தது.

“நாலு வருசந்தாம்மா காட்டுது.”

“எதுங்க?”

“நீங்க வேலை செஞ்சது.”

அவர் முதலில் சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருக்கிறார். “பதினாலு வருசமுங்க. எங்க மாமியாளுக்கு முட்டி முடியாமப் போன வருசம் வந்தேன். நீங்கதான எண்பத்தேழுன்னு கூப்பிட்டீங்க?”

“நான் கூப்பிட்டது சரிம்மா. கம்ப்யூட்டர்ல இல்லியே.”

“அது எப்பங்க வந்துச்சு? எனக்கு முந்தியேவா வந்துச்சு?”

பின்னால் மேனேஜர் வந்து திரையைப் பார்த்தார். “நாலுன்னா நாலுதான் போடோணும். இல்லாததை எழுதினா நாளைக்கு என்னைக் கேப்பாங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “பெருசுக்கு அடுத்த மாசம் பரீச்சைங்க” என்றார். பிறகு போய்விட்டார். நான் அந்த ஃபைலை மறுபடி மறுபடி திறந்தேன். மறுபடி மறுபடி நாலுதான் இருந்தது.

அன்றைக்குச் சோற்றுத் தட்டைப் பாதியிலேயே நகர்த்திவைத்தேன். உங்கள் அம்மா கேட்டாள், சொன்னேன்.

“அவளுக்கு இங்க வந்து நாலு வருசமா? அவ கல்யாணத்துக்கு நாம போயி எவர்சில்வர் குடம் வெச்சுக் குடுத்தமே, மறந்துட்டீங்களா? மறுவாரமே கூடையத் தூக்கிட்டு மாமியா நம்பருக்கு வந்து நின்னாளே!”

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டிற்று. எங்கள் எஸ்டேட்டில் ஒரு வழக்கம். மாமியாருக்கு முடியாமல் போனால் மருமகள் அதே நம்பரில் வந்து நிற்பாள். நோட்டில் பேர் மாமியார் பேர்தான். அவர் வயசாகி ஓய்வு பெறும் நாள்வரை அப்படியே ஓடும். அதற்குப் பிறகுதான் மருமகள் பேரில் புதுப் பக்கம் திறப்போம். இடைப்பட்ட வருஷமெல்லாம் மருமகள்தான் வேலை செய்கிறாள் என்பதற்கு, மாசா மாசம் கடைசிக் கட்டத்தில் ‘மருமகள்’ என்பதை இங்கிலீஷில் இரண்டெழுத்தாகச் சுருக்கி எழுதி மேனேஜர் கையெழுத்து வாங்குவேன். அந்தச் சுருக்கெழுத்தையும் சேர்த்துத்தான் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். விரல் தட்டும்போது கண் படிப்பதில்லை.

ஆனால் அந்த ஃபைல் எங்கே? லொகேட் ஒரே வரிதானே காட்டுகிறது? நோட்டோ பஜ்ஜிக்குப் போயாயிற்று. புதன் முழுக்க, நான் அதை அழித்துவிட்டேன் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். உங்கள் சித்தியைக் கூப்பிடக்கூட வெட்கமாக இருந்தது. வியாழன் காலையில் உங்கள் அம்மாதான் சில்லறையைக் கையில் வைத்துத் துரத்தினாள்.

பூத்தில் எனக்குப் பின்னால் நாலு பேர் நின்றார்கள். மெதுவாகப் பேசினால் சித்திக்குக் கேட்கவில்லை. சத்தமாகப் பேசினேன்.

“எண்பத்தேழு காணமுங்கறேன்!”

“எதுல தேடுனீங்க?”

“லொகேட்டுலதான்.”

“தேடாதேன்னு எழுதற வரியில என்னென்ன எழுதி வெச்சீங்க மாமா?”

சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் ‘பழசு’ என்றேன். லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

“இருக்கியா?”

“இருக்கறேன். ஏனுங்க மாமா, நீங்களே கதவச் சாத்திப் பூட்டுப் போட்டுட்டு, உள்ள இருக்கறவங்களக் காணம்னு ஊரெல்லாம் தேடுனா எப்படிங்க?”

எனக்குப் பின்னால் நின்றவர் சிரித்துவிட்டார். அவருக்கு விஷயம் ஒன்றும் தெரியாது. இருந்தாலும் சிரிக்கும்படித்தான் இருந்தது.

“இப்ப என்ன பண்றது?”

“ஃபைண்ட உட்டுப் பாருங்க. அது அந்த வரியெல்லாம் படிக்காது, எல்லாப் பக்கமும் போயிட்டு வரும். ஃபைலு கெடைச்சா தெறந்து பாருங்க. சேவ் மட்டும் பண்ணிராதீங்க. ஒரு எழுத்தத் திருத்தி சேவ் பண்ணாக்கூட ஃபைலோட தேதி இன்னைக்குன்னு மாறிப்போயிரும்.”

“மாறுனா என்ன?”

“நேத்து உக்காந்து கள்ளக்கணக்கு எழுதுனீங்கன்னு சொல்லுவாங்க.”

ஆபீசுக்கு ஓடினேன். ஃபைண்டிடம் எண்பத்தேழைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பெட்டிக்குள் கரகரவென்று சத்தம். அது தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. நான் இவ்வளவு நாள் மந்தம் என்று ஒதுக்கிவைத்த ஆள். ஒரு வரி வந்தது, எனக்குத் தெரிந்த வரி. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இரண்டாவது வரி, பழசு ஃபோல்டருக்குள்ளிருந்து.

திறந்தேன். மேலே மாமியார் பேர். கீழே மாசம் மாசமாக, பத்து வருஷத்துக்கு, அந்த இரண்டெழுத்து. மூன்றாம் வரியில் ஒரு தப்பு தட்டியிருந்தேன். திருத்தவேண்டும் என்று விரல் துடித்தது. கையை எடுத்துத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் இன்னொன்று தோன்றிற்று. மாமியார் நம்பரில் வந்தவர் இவர் ஒருவர்தானா? கிரெப்பை எடுத்தேன், உள்ளே படித்துப் பார்க்கிறது என்றாளே அதை. பழசு ஃபோல்டர் முழுக்க அந்த இரண்டெழுத்தைத் தேடு என்றேன். பதினொரு நம்பர் வந்தது. என் பட்டியலோடு ஒத்துப் பார்த்தேன். ஆறு பேர் விலைக்குப் போகாத கீழ்ப் பாதியில் இருந்தார்கள். மேல் லைனில் இருந்த இன்னும் நாலு பெண்களை, அவர்கள் கேட்கக்கூட வரவில்லை, நான் பத்து வருஷம் ஆகாதவர்கள் என்று எழுதிவைத்திருந்தேன். அவர்கள் ஏன் கேட்க வரவில்லை என்றால், ரைட்டர் எழுதினால் சரியாக இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்ததால்தான்.

மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டிய திட்டு இங்கே வேண்டாம். ஆனால் பட்டியலை மாற்ற விட்டார்.

வெள்ளிக்கிழமை லேபர் ஆபீசர் வந்தார். மெலிந்த மனிதர், மலை வளைவில் வாந்தி எடுத்த களைப்பு முகத்தில் இருந்தது. பட்டியலைப் பார்த்துவிட்டு, “ஒரிஜினல் நோட்டைக் காட்டுங்க” என்றார்.

“இல்லீங்க சார்.”

“எங்க போச்சு?”

“எடைக்குப் போட்டுட்டேனுங்க.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மேனேஜர் கூரையைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே எண்பத்தேழாம் நம்பர் அம்மாவும் அந்த நாலு பேரும் நின்றிருந்தார்கள்.

“நீங்க நேத்து டைப் பண்ணிட்டு இன்னைக்குக் காட்டினா நான் எப்படிங்க நம்பறது?”

ஃபைலின் தேதியைக் காட்டினேன். நான் அதில் கடைசியாக எழுதி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எஸ்டேட்டை விற்கிற பேச்சே அப்போது கிடையாது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு எழுந்து வெளியே போனார். காபி உலர்த்தும் களத்தில் பெண்கள் காபிப் பருப்புப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்து, “எண்பத்தேழாம் நம்பர் யாரு?” என்று சும்மா கேட்டார். நாற்பது கைகள் ஒரே ஆளைக் காட்டின. “எப்பலிருந்து?” என்றார். ஒருத்தி, அந்த அம்மாவின் மூத்த மகள் பிறப்பதற்கு முந்தியிருந்து என்றாள். இன்னொருத்தி, பெரிய ரோடு தார் போட்ட வருஷத்திலிருந்து என்றாள். ஒருத்தியும் தேதி சொல்லவில்லை. மற்ற நாலு நம்பரையும் அப்படியே கேட்டுவிட்டு, ஆபீசர் திரும்பி வந்து ஐந்து பேருக்கும் கையெழுத்துப் போட்டார். போகும்போது என்னிடம், “டீக்கடைக்காரர் கிட்ட மிச்சம் ஏதாவது இருந்தா வாங்கி வைங்க” என்றார். போய்க் கேட்டேன். ஒரு தாள்கூட மிச்சம் இல்லை.

அந்த வரியிலிருந்து ‘பழசு’ என்பதை எடுத்தேன். லினக்ஸுக்குச் சொந்தமான இடங்களை மட்டும் விட்டுவைத்தேன். ஒரு ஆளின் சர்வீஸைப் பற்றி யார் கேட்டாலும் முதலில் ஃபைண்ட், பிறகு கிரெப். லொகேட் என் சொந்தக் கடிதங்களைத் தேடுவதற்கு மட்டும். நேரமாகத்தான் செய்தது. ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்களுக்கு ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டேன்.

அதில் முதலில் உட்கார்ந்தவர் எண்பத்தேழாம் நம்பர் அம்மாதான். திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் வந்தார்.

“ஏனுங் ரைட்டரே, அந்தத் தேடாதேன்னு எழுதுனீங்களாமே, அத எடுத்துட்டீங்களா?”

“எடுத்துட்டேம்மா.”

“எங்க, காட்டுங்க.”

திரையைத் திருப்பிக் காட்டினேன். இங்கிலீஷ் எழுத்து, அவருக்குத் தமிழிலேயே கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு வரியாகக் கண்ணை ஓட்டினார். அவசரப்படவில்லை.

“செரிங்க” என்றார். “என்ற பதினாலு வருசத்தையும் ஒரு பேப்பர்ல அடிச்சுக் குடுங்க. நான் ஊட்டுல வெச்சுக்கறேன்.”

“அதான் கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்குதேம்மா.”

“இருக்குதுங்க. நாளைக்கு உங்களுக்கு வேற எங்காச்சும் தேடாதேன்னு எழுதத் தோணுச்சுன்னா நான் என்னங்க பண்றது?”

பிரிண்டரில் தாளைச் செருகினேன். இரண்டு பிரதி அடித்துக் கொடுத்தேன்.